பத்துப் பெட்டி எனக்கு, இரண்டு அவனுக்கு

என் புருஷன் முகாஷைப் போலத் தாராள மனசுக்காரன் நாரின் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்று எங்கள் ஊர் சொல்கிறது. பன்னிரண்டு தேன்பெட்டிகளில் பத்தை எனக்குக் கொடுத்துவிட்டு இரண்டே இரண்டைத் தனக்கு வைத்துக்கொண்டானாம். அதுவும் இருப்பதிலேயே நோஞ்சான் பெட்டிகளாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

மே மாதம் அவன் என்னை மூன்றாவது முறையாக அடித்தான். அன்றைக்கே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அண்ணன் தூய்ஷேன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி முதல் நாளே உடைத்துப் பேசிவிட்டாள்.

"இரு பூருல்ச்சா, வேணாங்கல. மலையில எஸ்பார்செட் செடி பூத்ததும் உன் தேனை எடுத்து வித்து உன் செலவை நீ பாத்துக்கறதா இருந்தா, எத்தனை நாள் வேணா இரு. தேன் வரலேன்னா அந்த வீட்டுக்கே போயிடு. எங்க வீட்லயும் நாலு வாய் இருக்குது."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்கிறவள். அந்தத் தேனை நம்பித்தான் நானும் வந்திருந்தேன். எட்டு வருஷம் அந்தப் பெட்டிகளைக் கட்டிக் காத்தவள் நான்தான்.

பெட்டிகளைப் பிரிக்கப் பஞ்சாயத்தில் மூன்று வெள்ளைத்தாடிப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் ஷாம்பேத். பத்து, இரண்டு என்று முகாஷ் சொன்னதும் மூன்று தாடியும் ஒன்றாக ஆடின. நான் எழுந்தேன்.

"எண்ணிக்கை சரிதான் பெரியவரே. ஆனா அவரு அந்த ரெண்டையும் இப்ப இருக்கிற இடத்துல வெச்சிருக்கக் கூடாது. ஒரு மாசத்துக்கு வேற எங்கயாவது தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"எங்க அண்ணன் வீடு ஆத்துக்கு அந்தப்பக்கம். ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. வெளிய பறந்து பழகின பூச்சிக்குப் பெட்டி அடையாளம் கிடையாது, இடம்தான் அடையாளம். மேயப் போனது நேரா பழைய இடத்துக்கே போயிடும். அங்க பெட்டி இருந்தா அதுக்குள்ள பூந்துக்கும்."

ஷாம்பேத் சிரித்தார். "பத்து குடுத்தவன்கிட்ட ரெண்டு ஏன் இருக்குன்னு சண்டையா? உனக்கு ஆசை ஆகாசத்துல இருக்கே மகளே!"

எல்லோரும் சிரித்தார்கள். முகாஷ் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெட்டிகளோடு மாரடித்த எட்டு வருஷமும் கட்டிலில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவன் அவன். பார்த்ததில், பூச்சி பழைய இடத்துக்கே திரும்பும் என்கிற இந்த ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான்.

இன்னொரு வழியும் இருந்தது. பெட்டிகளை முதலில் மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதற்குள் பூச்சிகளுக்குப் பழைய இடம் மறந்துபோகும். அண்ணனிடம் லாரி கேட்டேன்.

"எதிர்க்கரைக்கு வர மலையைச் சுத்தணுமா? டீசல் என்ன ஆத்துலயா ஓடுது? ஊர் சிரிக்கும் பூருல்ச்சா."

ஊர் சிரித்துவிடும் என்று பயந்தே எங்கள் வம்சம் பாதி நாசமாய்ப் போனது.

ஜூன் முதல் வாரம், பொழுது சாய்ந்து பூச்சிகள் அடைந்த பிறகு, பெட்டி வாசல்களில் வலை அடித்துப் பத்தையும் ஏற்றி வந்தேன். மூன்று நாள் வாசலைத் திறக்கவில்லை. நாலாம் நாள் ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் வில்லோ மரக் கிளைகளைச் சாய்த்து வைத்துவிட்டுத் திறந்தேன். வெளியே வரும்போது கிளை தடுத்தால் தேனீ நின்று சுற்றிப் பார்க்கும், புது இடத்தை மனதில் பதித்துக்கொள்ளும் என்பார்கள். சில நின்று பார்த்தன. மற்றவை கிளைக்குள் நுழைந்து வெளியேறி, பழகிய பாதையில் ஆற்றுக்கு மேலே போயின. மத்தியானத்துக்குள் என் பெட்டிகளின் இரைச்சல் பாதியாகிவிட்டது.

நான் ஒரு காலிப் பெட்டியில் பழைய தேனடைகளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு முகாஷின் வாசலுக்கு ஓடினேன். அவனுடைய இரண்டு பெட்டிகளும் முற்றத்தின் நடுவில், என் பத்துப் பெட்டிகள் இருந்த வரிசையில் சரியாக மத்தியில் நின்றன. வழி தவறி வந்ததெல்லாம் அவற்றின் முகப்பில் தாடி தாடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பூவின் மது சுமந்து வருகிற பூச்சியை எந்தப் பெட்டியும் விரட்டாது.

"உன் பெட்டி ரெண்டையும் ஒரு வாரம் கொல்லைப்பக்கம் தள்ளி வை. இந்த இடத்துல இதை வைக்கிறேன். அடையறது அடையட்டும், சாயந்திரம் சாயந்திரம் வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"என் பெட்டி என் வீட்டு முற்றத்துல இருக்கு. உன் பூச்சியை நான் என்ன கயிறு கட்டியா இழுத்தேன்?"

"முகாஷ், இது திருட்டு."

"வாசல் திறந்துதான் இருக்கு. எது எது வரணுமோ வரட்டும்" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

நேராகப் போய் ஷாம்பேத்தைக் கையோடு கூட்டி வந்தேன். கண்ணால் பார்த்தால் புரியும் என்று நினைத்த முட்டாள் நான். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தத் தாடிகளை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியதுகூட.

"பாத்தியா மகளே, வாயில்லாப் பூச்சி! அதுக்குக்கூட எது தன் வீடுன்னு தெரியுது."

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. கடையில் உப்பு வாங்கப் போனால், "பூச்சி திரும்பிடுச்சாமே, நீ எப்போ?" என்றார்கள். பாலத்தில் எதிர்ப்பட்ட கிழவி என் கன்னத்தைத் தடவி, "அல்லாவே சாட்சி சொல்லிட்டான்" என்றாள். நான் கையைத் தட்டிவிட்டேன். அதற்கும் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது.

என் பெட்டிகளில் குஞ்சுப் புழுக்களுக்குச் சூடு கொடுக்கப் போதிய பூச்சி இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஜூன் குளிரும் குளிர்தான். புழுக்கள் அறைக்குள்ளேயே வெளுத்துச் செத்தன. பெட்டிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பத்தை ஆறாக்கினேன், ஆறை நாலாக்கினேன், சர்க்கரைப் பாகு ஊற்றி உயிரைப் பிடித்து வைத்தேன். எஸ்பார்செட் மலை முழுக்கச் சிவந்து பூத்து வாடிப்போனது. எனக்கு ஒரு சொட்டுத் தேன்கூட வரவில்லை. முகாஷ் இரண்டு பெட்டியிலிருந்து எட்டுக் குடம் எடுத்தானாம்.

ஜூலைக் கடைசியில் ஷாம்பேத் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன்தான் அழைத்திருக்கிறான், அவன் முகம் சொன்னது. பெரியவர் ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். வெள்ளையாக உறைந்த தேன்.

"முகாஷ் குடுத்தனுப்பினான். நல்ல மனசு. உன் அண்ணியும் சொன்ன கெடு முடிஞ்சுதுங்கறா. பூச்சியே திரும்பிடுச்சு, உனக்கென்ன மகளே இன்னும் வீம்பு?"

"திரும்பிப் போனதை நீங்க மறுபடி போய்ப் பாத்தீங்களா பெரியவரே?"

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுகூட உசுரோட இல்ல. மேயப் போற பூச்சிக்கு ஆயுசு மூணு வாரம், மிஞ்சினா நாலு. அந்த வீட்டுக்குச் சுமந்து சுமந்து, றெக்கை கிழிஞ்சு, முற்றத்துலயே விழுந்து செத்துச்சு. துடைப்பத்தால தள்ளியிருப்பாங்க. அதுங்க விட்டுட்டுப் போனதுதான் இந்தக் கிண்ணம்."

அண்ணன் சுவரைப் பார்த்தான்.

"நான் போகல. மலைக்கு அந்தப்பக்கம் சாலையோர டீக்கடையில பாத்திரம் கழுவ ஆள் கேக்கறாங்க. நாளைக்குச் சேர்றேன். நாலு பெட்டியையும் அந்தக் கடைக்குப் பின்னால வெச்சுக்கறேன்."

"புருஷன் வீட்டை விட்டுட்டுக் கண்டவன் எச்சில் தட்டைக் கழுவப் போறியா?"

"அந்தத் தட்டு என்னை அடிக்காது."

ஷாம்பேத் எழுந்தார். "வராதவளுக்கு இது எதுக்கு?" என்று கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கிண்ணத்தை நாளைக்குக் கழுவித் தர்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரொட்டியைப் பிய்த்து, அண்ணனும் அண்ணியும் பார்க்கப் பார்க்க உட்கார்ந்து, அடி தெரியும்வரை வழித்துத் தின்றேன். நன்றாக இனித்தது. அழுகை அப்போதுதான் வந்தது.