பதினேழாம் வரிசைப் பூ

"ஃபாதர், பேரே இல்லாத செடியைக் கடவுள் எப்படித் தேடிக் கண்டுபிடிச்சு ஆசீர்வதிப்பாரு?"

எங்கள் ஊர்ச் சிறுமி, ஆறு வயது ஜோசெட், ஒரு ஆகஸ்ட் மாதக் கடைசியில் கேட்ட கேள்வி இது. அறுவடைக்கு முன் தோட்டத்தை மந்திரிக்கிற நாள். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் கொடிகள், இருபதடி உயரக் கம்பிகளில் ஏறிப் பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. ஃபாதர் ஒவ்வொரு வரிசையாக நின்று, கொடியின் ரகத்தைப் பெயர் சொல்லி, தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். பதினேழாம் வரிசையில் தயங்கி நின்றுவிட்டார். அந்த ரகத்துக்குப் பெயர் கிடையாது. வரிசை எண்தான் அதன் அடையாளம்.

ஃபாதர் சற்று யோசித்தார். "எதுக்கும் ரெண்டு தரம் தெளிச்சுடலாம் கண்ணு" என்று சொல்லி அந்த வரிசையை நன்றாகவே நனைத்தார். எல்லோரும் சிரித்தோம். தோட்டத்துச் சொந்தக்காரி தெல்ஃபீன் லக்காஸ் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. தன் கையால் மகரந்தம் சேர்த்து, விதை போட்டு, ஒன்பது வருஷமாக அவள் வளர்த்தெடுத்த ரகம் அது. முதல் செடி நின்ற பதினேழாம் வரிசையில் தொடங்கி, இப்போது இரண்டு ஏக்கரை அது பிடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பாதிப் பங்கு அவளுடைய அண்ணனுக்கு. அவர் அந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்: மார்ச் மாதம் தளிர் விடுவதற்குள் வாங்க ஒரு ஆள் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஏக்கரையும் வேரோடு பிடுங்கிவிட்டு, விலை போகிற ரகத்தை நடுவோம்.

வாங்க ஒரு ஆள் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் பீர் ஆலை வைத்திருக்கும் கிட்ரிட்ஜ். நவம்பரில் வருகிற நன்றி அறிதல் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, மாக்ஸி ஊரில் எங்கள் கோயில் நிலவறைக் கூடத்தில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் கூடும். அதற்கு வந்து ருசி பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். தெல்ஃபீன் எங்கள் சங்கத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தாள். ஒருவன் நான், ஆர்மண்ட் ஃபோர்ட்டியே. இன்னொருவன் என் பக்கத்து வீட்டு வெண்டல் ஸ்ட்ராண்ட்.

முப்பது வருஷமாக நானும் வெண்டலும் ஒருவனை ஒருவன் வம்புக்கு இழுக்காமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. அவன் லூத்தரன் சபைக்காரன். நான் கத்தோலிக்கன். அது எங்கள் சண்டையில் மிகச் சிறிய பங்கு.

காய வைத்த பூவைக் காற்றில்லாமல் உறிஞ்சி அடைத்த இரண்டு பைகளை தெல்ஃபீன் கொடுத்தாள். மேலே '17' என்று மட்டும் எழுதியிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சாதா பீர் காய்ச்சணும். ஒரே பார்லி மால்ட், ஒரே ஈஸ்ட். இந்தப் பூவைத் தவிர வேற பூ எதுவும் சேரக் கூடாது" என்றாள்.

"வாசனை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா உன் மூக்கு அதையே தேடும்."

வெண்டல் என் தோளில் தட்டினான். "இவன் மூக்கு எதையும் தேடாது தெல்ஃபீன். அது சும்மா கண்ணாடி மாட்ட வெச்சிருக்கான்."

இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. தீய எண்ணம் ஒன்றும் இல்லை. அக்டோபர் கடைசியில் வெண்டல் எல்க் மான் வேட்டைக்குப் போனான். பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பூனைக்குச் சோறு வைத்தேன். பிறகு அவனுடைய கராஜில் இருந்த உறைபெட்டியைத் திறந்து, '17' பையை எடுத்துக்கொண்டு, அதே போல அடைத்து அதே போல எண் போட்ட வேறொரு பையை வைத்துவிட்டு வந்தேன். அதில் இருந்தது காஸ்கேட். எங்கள் பள்ளத்தாக்கில் வேலிக்கு வேலி படர்ந்திருக்கிற, எல்லோருக்கும் தெரிந்த பழைய ரகம்.

அவனுடைய பையை நான் திறக்கவில்லை. திறந்தால் திருட்டு, திறக்காவிட்டால் விளையாட்டு என்று என் மனசாட்சியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, என் உறைபெட்டியில் பட்டாணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். திட்டம் எளிமையானது. கூட்டத்தில் என் பீர் புது மணம் வீசும். அவனுடையது சாதா காஸ்கேட்டாக இருக்கும். அவன் விழிப்பான். நான் பையைத் தூக்கிக் காட்டுவேன். தெல்ஃபீனுக்கு என் பீரே போதும். அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த வாரமே என் பையைத் திறந்து காய்ச்சினேன். ஆரஞ்சுத் தோல் மணம் வந்தது. காஸ்கேட் போலவே இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் இந்த ரகத்துக்குத் தாய்ச்செடியே காஸ்கேட்தான் என்று தெல்ஃபீன் எப்போதோ சொல்லியிருந்தாள். பிள்ளைக்குத் தாயின் சாடை இருக்காதா? கொதிக்கிற பானையில் பூவைக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கோப்பைகளில் பெயர் இருக்காது, எழுத்து மட்டும்தான். எல்லோரும் எல்லாக் கோப்பையையும் ருசித்து, மனதில் பட்டதைத் தாளில் எழுதி, தாளைக் கவிழ்க்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முனகக் கூடாது. உதட்டைச் சுழிக்கக் கூடாது. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் நாக்கு மாறிவிடும் என்பதற்காக. மீறுகிறவர்கள் அன்றைய பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கிட்ரிட்ஜ் ஒல்லியான மனிதர். முன்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். தெல்ஃபீன் கோயிலுக்குப் போடுகிற நீல உடுப்பில் ஓரமாக நின்றிருந்தாள். உட்கார முடியவில்லை அவளால்.

என் கோப்பையின் எழுத்து எனக்குத் தெரியும்; மற்றதை, வெண்டலின் பீரை, முதலில் எடுத்தேன். சுத்தமான காஸ்கேட். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எதிரே வெண்டல் என் பீரைக் குடித்துக்கொண்டிருந்தான். அவனும் உள்ளுக்குள் சிரிப்பது போல இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என் பீரை வாயில் வைத்தேன்.

காஸ்கேட்.

இன்னொரு வாய் குடித்தேன். வாயைக் கொப்பளிப்பது போலச் சுழற்றினேன். சந்தேகமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். வெண்டல் அப்போதுதான் தன் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது. அவன் என் பக்கம் கண்ணாலேயே 'நீயுமா?' என்று கேட்டான். நான் அவனை அதையே கேட்டேன். அந்தக் கூடத்தில் நாற்பது பேனாக்கள் கிறுக்குகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சத்தம் போட்டு அழலாம் போல இருந்தது. ஆனால் பேசக் கூடாது.

தாள்கள் கவிழ்ந்தன. கிட்ரிட்ஜ் எழுந்தார்.

"ரெண்டுமே நல்ல பீர். குறை சொல்ல முடியாது" என்றார். "ஆனா ரெண்டுமே காஸ்கேட். அதை வாங்க நான் மலை தாண்டி வரணுமா? என் தெருவிலேயே கிடைக்குதே."

கூடம் சிரித்தது. தெல்ஃபீன் முன்னால் வந்து ஒரு கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். குடிக்கவே இல்லை. அடுத்ததை எடுத்து முகர்ந்தாள். பிறகு நிதானமாக எங்கள் இருவரையும் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் அவள். எங்கள் மனைவிமார், ஃபாதர், நாற்பது நண்பர்கள், எல்லோர் முன்னிலையிலும் நாங்கள் யார் என்று காட்டியிருக்கலாம்.

"பை மாறிடுச்சு" என்றாள். "என் தப்புதான். அடைக்கும்போது நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

கிட்ரிட்ஜ் தலையசைத்துப் புத்தகத்தை மூடினார். அந்தத் தலையசைப்பில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை.

எல்லோரும் போன பிறகு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எங்களிடம் தெல்ஃபீன் வந்தாள். நாங்கள் விதியை மீறவில்லை. ஆனால் யாரும் சொல்லாமலே கழுவ ஆரம்பித்திருந்தோம்.

"யாரு முதல்ல?" என்றாள்.

"நான் வேட்டைக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, இவன் பூசைல இருந்தப்போ இவன் பையை மாத்தி வெச்சேன்" என்றான் வெண்டல்.

"பூசை நேரத்திலயா? வெக்கமா இல்லடா உனக்கு?" என்றேன்.

"நீ மட்டும் என் பூனைக்குச் சோறு வெக்க வந்த இடத்துல..."

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்!" தெல்ஃபீன் கையிலிருந்த துணியை மேஜையில் அறைந்தாள். "என் பூ எங்க இப்போ?"

"பட்டாணிக்குக் கீழ."

"எல்க் கறிக்குக் கீழ."

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெறும் சிரிப்பு இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஏன் தெல்ஃபீன் பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டே?" என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சியப் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை சொன்னா அழுதுடுவீங்கன்னு இருந்துச்சு. கிழட்டுப் பசங்க அழுதா எனக்குப் பார்க்கச் சகிக்காது."

அடுத்த சனிக்கிழமை வெண்டலின் கராஜில் இரண்டு பைகளையும் அவள் கண் முன்னே திறந்தோம். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, பானையை இரண்டு தரம் தேய்க்க வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க விட்டாள். மூன்று வாரம் கழித்து முதல் கோப்பையை அவள் கையில் கொடுத்தோம்.

கனிந்து தோல் வெடிக்கிற ஆப்ரிகாட் பழம். அதன் அடியில், அப்போதுதான் சீவிய பென்சிலின் மர வாசனை. கசப்பு வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் நாக்கில் இருந்தது.

வெண்டல் தொப்பியைக் கழற்றினான்.

"ஒன்பது வருஷமா உள்ளங்கையில கசக்கித்தான் மோந்து பார்த்திருக்கேன்" என்றாள் தெல்ஃபீன். "கொதிச்சா ஓடிப்போற வாசனையோன்னு பயந்துட்டே இருந்தேன். ஓடல."

ஆனால் கிட்ரிட்ஜ் கேட்கத் தயாராக இல்லை. இரண்டு தரம் உதவியாளர் போனை எடுத்தார். மூன்றாம் தரம் அவரே எடுத்து, தன்மையாகத்தான் சொன்னாராம்: "பை மாத்தி அடைக்கிற தோட்டத்தை நம்பி நான் எப்படிம்மா ஒரு வருஷத்து பீரை அதுல ஒப்படைக்கிறது?"

"நடந்ததைச் சொல்லிட வேண்டியதுதானே!" என்றான் வெண்டல்.

"அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொன்னா ரெண்டையும் நம்ப மாட்டார். விடுங்க. பூ நல்ல பூன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. அது போதும்."

அது போதாது என்று அவள் குரலே சொன்னது. பிப்ரவரியில் அவளுடைய அண்ணன் டிராக்டரைப் பழுது பார்த்து, பதினேழாம் வரிசையின் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

மார்ச் முதல் வாரத்தில் கிட்ரிட்ஜ் தானாகவே வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. சேற்றில் இறங்கி அந்த வரிசையை முழுதும் நடந்து பார்த்துவிட்டு, இரண்டு ஏக்கருக்கும் மூன்று வருஷ ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். ஏன் மனம் மாறினார் என்று அவரும் சொல்லவில்லை. தெல்ஃபீனுக்குச் சந்தேகமே இல்லை: காணாமல் போனதைத் தேடித் தருகிற புனித அந்தோணியாருக்கு அவள் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்திருந்தாள். கோயில் விருந்தில் அதை எல்லோரிடமும் சொன்னாள்.

"எங்க சபையில அந்தோணியார் கிடையாது" என்றான் வெண்டல். "ஆனா இந்த ஒரு தடவை ஒத்துக்கிறேன்."

நான் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். புனிதர் செய்ததாகச் சொல்கிற காரியத்தில் குறுக்கே பேசுவது எனக்கு வழக்கமில்லை. அவர் என்னை அனுப்பவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது.

ஏனென்றால் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் டாக்டரிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று வழியில் ஒரு பல் டாக்டரின் வாசலில் காரை நிறுத்தி, ஒரு நிமிஷம் இருந்துவிட்டுத்தான் கணவாய் ஏறினேன். மேலே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் ஒரு பெட்டிக்குள், பழைய கம்பளியில் சுற்றிய ஆறு புட்டிகள், கராஜில் காய்ச்சியதில் என் பங்கைக் குடிக்காமல் நான் எடுத்து வைத்திருந்தவை. கூடவே ஒரு கடிதம்:

'பை மாற்றியது அந்தம்மா இல்லை. கிழவர்கள் இரண்டு பேர் விளையாட்டாகச் செய்தது. எங்களைக் காப்பாற்ற அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அப்படிப்பட்டவர் அடைத்த பையை நீங்கள் தாராளமாக நம்பலாம். உள்ளே இருப்பது பதினேழாம் வரிசை. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். ஆர்மண்ட் ஃபோர்ட்டியே.'

ஆலை இன்னும் திறந்திருக்கவில்லை. முற்றத்தில் யாரும் இல்லை. பனி விழாத இடமாகப் பார்த்து, கதவோரம் பெட்டியை வைத்தேன். புட்டிகள் உறைந்துவிடாதபடி கம்பளியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். கடிதத்தைக் காற்று கொண்டுபோகாமல் ஒரு புட்டியின் கழுத்தில் செருகினேன். கதவைத் தட்டவில்லை.