பிந்தைய தேதி

“முதல் தாளா, ரெண்டாவதா?” என்று கேட்டுவிட்டு, அண்ணனின் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருமுறை அழுத்தினால் முதல் தாள், இருமுறை என்றால் இரண்டாவது. காலையிலிருந்து இதுதான் ஏற்பாடு.

அவன் இரண்டு முறை அழுத்தினான். இரண்டாவது அழுத்தம் வந்து சேர நேரமானது. குறித்துக்கொண்டாள். ஏழு முடிந்தது, நான்கு பாக்கி.

“அவருக்குத் தண்ணிகூட இறங்கல. நீ பரீட்சை வெச்சுக்கிட்டிருக்க,” என்றாள் அண்ணி, ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தபடி.

“இன்னும் நாலுதான் அண்ணி.”

“அரைமணி முன்னாடி அஞ்சுதான்னு சொன்ன.”

அண்ணனும் தங்கையும் ஒரே கம்பெனி. மொத்தம் ஏழு பேர். ஊரின் குடிநீர் நிலையத்தை ஓட்டும் மென்பொருள் இருபது வருடம் பழைய கணினி ஒன்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதை அண்ணன் இரண்டு வருடம் மல்லுக்கட்டி, வேறொரு புதிய இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தான். இடம் மாறிய மென்பொருள் சின்னச் சின்ன விஷயங்களில் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஒவ்வொன்றையும் துண்டுத்தாளில் எழுதி மூலையில் தேதி போட்டு ஒரு பெட்டியில் போடுவான். எழுதியது தப்பென்று பிறகு தெரிந்தாலும் அடிக்க மாட்டான், புதிதாக இன்னொரு தாள் எழுதுவான். “பிந்தைய தேதி ஜெயிக்கும்” என்பான். ஆபீசில் அவனுக்குக் காலண்டர் என்று பெயர்.

அந்தத் தாள்களை ஒழுங்குபடுத்திப் புத்தகமாக்குவது அவள் வேலை. ஒழுங்கு என்றால் அவளுக்கு உயிர். வால்வு தனி, பம்ப் தனி, எச்சரிக்கை மணி தனி என்று பொருள்வாரியாகப் பிரித்துத் தட்டச்சு செய்தாள். மூலையில் கிடந்த தேதிகள் கண்ணை உறுத்தின, விட்டுவிட்டாள். மேசை சுத்தமாக வேண்டுமென்று மூலத்தாள்களைக் கிழிக்கும் இயந்திரத்தில் கொடுத்தாள். முதலாளி பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, “கண்ணாடி மாதிரி இருக்கும்மா” என்றபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரே பம்புக்கு ஒரு பக்கத்தில் ஒன்றும் அடுத்த பக்கத்தில் அதற்கு நேர்மாறாகவும் இருந்தது. அப்படிப் பதினொரு ஜோடிகள். எது முந்தையது, எது பிந்தையது என்று சொல்லத் தேதி இல்லை. அதற்குள் அண்ணன் இந்தக் கட்டிலுக்கு வந்துவிட்டான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத இன்னொன்று கைப்பைக்குள் இருந்தது. வேறு ஊரில் வேலைக்கான நியமன உத்தரவு. பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் உத்தரவு செல்லாது என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். இன்று பதினைந்து. புத்தகத்தை முடிக்காமல் போக முடியாது. அண்ணன் இருக்கும்வரைதான் முடிக்க முடியும். இப்படிக் கணக்குப் போடுகிறோமே என்று அவளுக்கே கூசியது. ஆனாலும் புத்தகத்திலிருந்து அச்சடித்து வந்த தாள்களில் அடுத்த ஜோடியை எடுத்தாள்.

“எட்டாவது. குளோரின் வால்வு. கரண்ட் போனா தானா மூடிக்கும்னு ஒண்ணு. மூடாது, கையாலதான் மூடணும்னு ஒண்ணு. எதுண்ணா?”

மூடாத வால்வை மூடியதென்று நம்பினால் ஊர் குடிக்கிற தண்ணீரில் குளோரின் கொட்டிக்கொண்டே இருக்கும். விரல்கள் அசையவில்லை. அவன் கண்ணைத் திறந்தான்.

“தேதி பாரு,” என்றான். காற்றாகத்தான் வந்தது.

“தேதி ஆபீஸ்ல இருக்குண்ணா. தாள் எல்லாம் பத்திரமா அங்கதான் இருக்கு.”

பொய் சொல்லும்போது அவள் எப்போதும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வாள். சின்ன வயதிலிருந்தே அது அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“போதும்,” என்றாள் அண்ணி. “போய் அந்த வலி மருந்தை வாங்கிட்டு வா.”

மருந்துக்கடையில் கூட்டம். திரும்பி வர முக்கால் மணி ஆகிவிட்டது. அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“இப்பதான்,” என்றாள்.

மருந்துப் பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்காலியில் வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள். முதலில் வந்த நினைப்பு வால்வுதான். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. இதை மட்டும் அவள் ஒருநாளும் யாரிடமும் சொல்ல முடியாது.

மறுநாள் எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது முதலாளி அவளை வண்டிகள் நின்ற பக்கமாக அழைத்துப் போனார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. புதன்கிழமை புது மெஷினுக்கு மாத்தியே ஆகணும். பழசு இனி தாங்காது. புத்தகம் ரெடிதானே?”

“ரெடிதான் சார். கொஞ்சம் சரிபார்க்கணும்.”

“பாருங்க, பாருங்க. இனி எல்லாம் நீங்கதாம்மா. அதை ஓட்டத் தெரிஞ்சது நீங்க ரெண்டு பேர்தான். இப்ப வேற யாரு இருக்கா?”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். கைப்பையின் வாரை இறுகப் பிடித்தபடி தலையாட்டினாள். தாள்களைக் கிழித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. போகப்போவதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

வீட்டில் அண்ணி ஒரு தாளை நீட்டினாள். பழைய மருந்துச்சீட்டின் பின்பக்கம், அண்ணியின் கையெழுத்து.

“நீ கடைக்குப் போனப்போ சொன்னாரு. நீ விட்டுட்டுப் போனதைப் படிச்சுக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையா. எனக்கு ஒண்ணும் புரியல. சொன்னதை எழுதினேன்.”

“வேற ஏதாவது சொன்னாரா அண்ணி?”

“‘அவ தாளையெல்லாம் கிழிச்சிருப்பா, திட்டாத’ன்னாரு.” அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் திட்டல. ஆனா ஒண்ணு சொல்றேன். கடைசி அரைமணி நேரம், எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. எல்லாம் உன் பம்பும் வால்வும்தான்.”

மன்னித்துவிடுங்கள் என்பதெல்லாம் அந்த இடத்தில் ரொம்பச் சின்னதாக இருந்தது. நின்றபடியே படித்தாள். மூலையில் பதினைந்து என்று தேதி. ஒன்பதுக்கு இரண்டாவது தாள். பத்துக்கு முதல் தாள். பதினொன்றுக்கு இரண்டாவது. அடியில், எட்டு: ஞாபகம் இல்லை. கரண்டை நிறுத்திப் பார். பார்த்து எழுது.

தண்ணீர் நிலையத்துக்குப் போன் செய்தாள். ஆபரேட்டர், “இப்ப நிறுத்த முடியாது மேடம். திங்கக்கிழமை பத்து மணிக்கு டாங்க் கழுவுவோம், அப்ப வாங்க,” என்றார்.

“அதுக்கு முன்னாடி முடியாதா?”

“ஊருக்குத் தண்ணி போகுதே மேடம்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த உத்தரவை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தாள்.

திங்கட்கிழமை காலை, பம்ப் அறையில் சுவரெல்லாம் ஈரம். ஒரே கதவு, அதை வெளிச்சத்துக்கும் காற்றுக்குமாக அகலத் திறந்து வைத்திருந்தார்கள். புதிய கணினியில் அண்ணனின் மென்பொருளைத் தொடங்கி, வால்வைத் திறந்து வைத்தாள்.

“நிறுத்துங்க.”

ஆபரேட்டர் சுவிட்சை இழுத்தார். மோட்டாரும் மின்விசிறியும் அடங்கின. இருவரும் வால்வின் முள்ளையே பார்த்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முள் திறந்த இடத்திலேயே நின்றது.

“மூடல மேடம்.”

“கையால மூடுங்க.”

அவர் சக்கரத்தைச் சுற்றி மூடினார். அவள் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்துச் சுவரில் வைத்து, கரண்ட் போனால் வால்வு தானாக மூடாது, கையால் மூட வேண்டும் என்று எழுதினாள்.

“கரண்டைப் போடலாமா மேடம்?”

“ஒரு நிமிஷம்.”

தாளின் மூலை காலியாக இருந்தது. அதில் பதினெட்டு என்று எழுதினாள்.