வா செல்லம், வந்து அழு

அடுத்த வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு? ஆனால் சுவர் மெல்லிசு. காதை அடைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா?

மாடி வீட்டுப் பொத்தான்காரி தையல்காரி இல்லை. சின்னப் பிள்ளைகள் தொட்டு விளையாடுகிற இணையதளம் செய்கிறவள். “பொத்தான் பெரிசா இருக்கணும். பிள்ளைங்க விரலால தொடாது, உள்ளங்கையால அறையும்” என்று படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முன்பு ஒரு பூட்டுக் கம்பெனியில் இருந்தாள். பூட்டும் சாவியுமாக வரைந்து அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொடங்கினாள். கிடைத்த முதல் வாடிக்கை தெருமுனை மழலையர் பள்ளி. தலைமை ஆசிரியை சரியென்றால் பிழைத்தாள். இல்லையென்றால் மறுபடியும் பூட்டுதான். பழைய மேலாளர் வேறு, ‘உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு’ என்று விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பொத்தானைத் தொட்டால் ஆடுகிற யானை முதற்கொண்டு படமெல்லாம் அவள் கைவண்ணம். நிரல் எழுதுவது வீட்டுக்காரர். குரலுக்கு வெளியே ஆள் தேடி அலைந்து, கடைசியில் வீட்டிலேயே இருந்த நாத்தனாரைப் பிடித்தார்கள். வீட்டுக்காரரின் அக்கா அவள். சாதாரணமாக வாயைத் திறந்தால் பால் திரியும். மைக்கைக் கண்டாலோ தேன் ஒழுகும். பதிவு முடிந்த நாளிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

“யானை உன்னுதுதான்மா. உசிரு என்னுது” என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் சொல்லிக்காட்டினாள்.

இதனாலேயே பொத்தான்காரி சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை பார்த்தாள். “ஹால்ல ஒரு நாத்தனார் போதாதா, கம்ப்யூட்டருக்குள்ளயும் ஒண்ணா?” என்று பால்கனியில் நின்று தோழியிடம் போனில் ரகசியமாகச் சொன்னாள். ரகசியம் கீழ்த்தளம்வரை கேட்டது.

பள்ளியில் காட்டுகிற நாளும் வந்தது. தாழ்வாக மாட்டிய தொடுதிரைக்கு முன்னால் பிள்ளைகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல முதல் நாற்காலியில். யானை ஆடி அசைந்து வந்து நின்றது. வயிற்றில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான்.

தேன் குரல் சொன்னது: “வா செல்லம் வந்து அழு.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் உருண்டையாக ஒருத்தி. அவளுக்குப் பெயரே உருண்டைதான். எழுந்து போய் யானைக்கு முன்னால் நின்று யோசித்தாள்.

பிள்ளை தயங்கினால் இன்னும் அன்பாகக் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தவளும் பொத்தான்காரியே. யானை விடவில்லை.

“பயமில்ல நல்லா அழு.”

உருண்டை உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னும் பலமா அழு.”

பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. வீறிட்டாள். அழுகைக்குத்தான் துணை தேட வேண்டியதில்லையே, வகுப்பே கச்சேரியில் சேர்ந்துகொண்டது. கண்ணைத் துடைத்த ஈரக் கையால் உருண்டை ஒரு அறை விட்டாள், பொத்தானில் பட்டது. யானை துள்ளிக் குதித்து ஆடியது. “ஆகா ரொம்ப அழகு!”

பொத்தான்காரியின் கண்ணுக்குள் ஒரு காலி நாற்காலி வந்து உட்கார்ந்தது.

“ஏன்டா, நான் ‘அழுத்து’ன்னுதானே சொன்னேன்! பிள்ளைங்களை அழ வச்ச பாவம் என் தலையிலயா?” என்று தம்பியின் மேல் பாய்ந்தாள் நாத்தனார்.

அவர் மடிக்கணினியைத் திறந்து முழித்தார். “அக்கா, ஒலி சீக்கிரம் வரணுமேன்னு, பேச்சு நின்னதும் மிச்சத்தை வெட்டிடச் சொல்லி கம்ப்யூட்டர்ல ஒரு கருவிகிட்ட விட்டேன். ‘அழு’ன்னுட்டு அந்த ‘த்’துல நாக்கு ஒரு நொடி நிக்குதில்ல? பேச்சு முடிஞ்சுதுன்னு அது வெட்டிடுச்சு.”

“நீ கேக்கலையாம்மா?” என்று நாத்தனார் இந்தப் பக்கம் திரும்பினாள்.

பொத்தான்காரி தரையைப் பார்த்தாள். கேட்காததன் காரணத்தைச் சபையிலா சொல்வது?

வெட்டாத ஒலியை அங்கேயே ஏற்றினார்கள். “வந்து அழுத்து” என்றது யானை. பிள்ளைகள் அழுத்தினார்கள். யானை ஆடியது. எல்லாம் முறைப்படி நடந்தது. உருண்டை மட்டும் இடுப்பில் கைவைத்து, “அழுற யானை எங்க?” என்றாள். உடனே எல்லாருக்கும் அதுவே வேண்டும்.

தலைமை ஆசிரியை முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காலையில அம்மாவை விட்டுட்டு வர்றப்போ தினம் இதே அழுகைதான். ‘அழாதே அழாதே’ன்னு எங்க தொண்டை வத்திடும். அழுன்னு சொன்னா அழுது முடிச்சிட்டு ஆடிட்டுப் போகுதுங்க! ரெண்டு யானையும் குடுங்க. அழுற யானை வாசல்ல நிக்கட்டும். இன்னும் நாலஞ்சு விதமா கூப்பிடணும். குரல் மட்டும் இவங்களோடதே இருக்கட்டும்.”

நாற்காலி கண்ணைவிட்டு மறைந்தது. நாத்தனாரின் கழுத்தோ அரை சாண் நீண்டது.

மறுநாள் பதிவு. இந்த முறை சத்தத்தை நிறுத்த வழியில்லை. ஒவ்வொரு சொல்லும் முழுசாக விழுகிறதா என்று பொத்தான்காரியே எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். “நல்லா அழு! அட, வாய்விட்டு அழு! நான் இருக்கேன், அழு!” என்று மதியம் முழுக்க மாடி அதிர்ந்தது. கீழ் வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாழ வந்த பெண்ணை நாத்தனார் இப்படியா படுத்துவாள் என்று கரண்டியும் கையுமாக ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் பொத்தான்காரி. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பேச முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது சிரிப்பு என்கிறார்கள். கீழ் வீட்டம்மா இன்னும் நம்பவில்லை.