இரண்டு விரல் அகலம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் லென்ஸைப் பற்றிப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ராகலையில் கல்யாணப் படம் எடுக்கும் எவனிடமும் இல்லாத லென்ஸ், துவார எண் 0.95, அவ்வளவு அகலமாகத் திறக்கும். ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் போதும், ஃபிளாஷ் தேவையில்லை. ஒரே குறை, முழுதாகத் திறந்து கிட்ட நின்று எடுத்தால் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் தெளிவு விழும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் கரைந்துவிடும். (குறை என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். இத்தனை நாளும் அதை அழகு என்று சொல்லித்தான் ஆர்டர் பிடித்தேன்.)

2

முதல் தொடக்கம்: "மலையைப் பனி மூடியிருந்த அந்த..."

வேண்டாம். பனியில் தொடங்கினால் நீங்கள் போர்த்திக்கொண்டு சுகமாகப் படிப்பீர்கள்.

இரண்டாவது: "கொழும்பிலிருந்து வந்த ஷிஹாம், பளபளக்கும் சப்பாத்தோடு லயத்துக்குள்..."

ஷிஹாம் என்று யாரும் இல்லை. பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டுமென்று அவன் காலில் சப்பாத்தெல்லாம் மாட்டிவிட்டேன். போனது நான்தான், ராசிக். இங்கே எல்லோருக்கும் ராசிக் நானா, அதாவது அண்ணன்.

3

பூரணி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அவளுடைய வீட்டின் பின்சுவரில், மலைப்பக்கம், கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒன்பது நாளாக மழை. லயத்தின் ஆறு குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லி அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். போனில் எடுத்த படம் இருட்டாக இருக்கிறது, தெளிவானது வேண்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. கரண்டும் இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

படக்காரர் வருகிறார் என்று பூரணி முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆள் குடியிருப்பது தெரியட்டும் என்று அவளை வெடிப்புக்கு முன்னால் நிறுத்தியவன் நான்.

"கொஞ்சம் சிரிங்க தங்கச்சி."

"செவுரு வெடிச்சதுக்கா, நானா, சிரிக்கச் சொல்றீங்க?" என்றவள், அதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

பதினெட்டு வருஷக் கல்யாணப் பழக்கம். ஃபோகஸைத் திருப்பும் விரல் தானாகவே கிட்ட இருந்த கண்ணைத் தேடிப் போனது. [இந்த வாக்கியத்தை ஏழு தடவை திருத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குற்றம் விரலுக்கே போகிறது.] இமைமயிரை எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. வெடிப்பு அவள் தோளுக்குப் பின்னால் மங்கிய நிழலாகக் கரைந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவேயில்லை. படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் அங்கிருந்தே அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அலுவலகத்து ஐயா சிங்களத்தில் பதில் போட்டார்: "லஸ்ஸனயி." அழகாக இருக்கிறதாம். சுவரில் ஒன்றும் தெரியவில்லை, அவசரமில்லை என்றும் எழுதியிருந்தார்.

மறுபடி வந்து எடுத்துத் தருகிறேன் என்று பூரணியிடம் சொன்னேன். மறுநாள் எனக்கு நுவரெலியாவில் ஒரு கல்யாண ஆர்டர்.

அதற்கடுத்த நாள் காலை, எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய நேரம். தேத்தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டு வந்த பூரணி, அதை எடுக்க வீட்டுக்குள் திரும்பிப் போனாள். அப்போதுதான் மலையிலிருந்து மண் சரிந்து வந்தது.

4

முடிவுகள்.

அ. கமராவை ஒரு ஸ்டூலில் வைக்கிறேன். துவாரத்தைச் சுருக்கி, இரண்டு விநாடி திறந்து வைக்கிறேன். சுவர் எங்கே ஓடிவிடப்போகிறது? சாதாரண லென்ஸே போதும். பூரணி பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சோற்றில் கல் என்று சண்டை பிடிக்கிறாள். எனக்கு வேண்டியது இந்த முடிவுதான்.

ஆ. நடந்தது. பூரணியின் புருஷன் விஜிதரன் ஸ்டூடியோவுக்கு வந்தார். சாவு வீட்டில் வைக்கப் படம் வேண்டும்.

"அன்னைக்கு எடுத்தீங்களே நானா, அதையே பெருசாக்கிக் குடுங்க. அவ மொகம் எம்புட்டுத் தெளிவா இருக்கு. பின்னால ஒண்ணுமே தெரியல."

பெரிதாக்கிக் கொடுத்தேன்.

இ.

இதை நீங்கள் எழுதுங்கள். என்னால் முடியாது. மேலே திரும்பிப் படித்துப் பாருங்கள். இந்தக் கதையிலும் அவள் சிரிப்பைத்தான் தெளிவாக எழுதியிருக்கிறேன். சுவருக்கு ஒரு வரிதான் கிடைத்தது. அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.