அவளிடம் இருந்த ஒரு சொல்

மகள் முதன்முதலாக "பா" என்றபோது நான் பாதி முகம்தான் சவரம் செய்திருந்தேன். குளியலறைக்குள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களை அவள் பிடிக்கவே மாட்டாள். குடைக்கம்பைப் பிடிப்பதுபோல மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். நுரை சட்டையில் வழிய வழிய என்னை இழுத்துக்கொண்டு போய், ஃபிரிட்ஜ் கதவில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்தபடி, "பா" என்றாள்.

ரொட்டிக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்ப என்ன சொன்னா?"

"பால்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"மாதிரி என்ன மாதிரி? பால்னுதான் சொன்னா."

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். குடித்தாள். மறுபடி என் கையைக் கதவில் வைத்து "பா" என்றாள். நாலு டம்ளர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். துடைக்கத் துடைக்க நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். அன்று நான் ஒரு பக்கக் கன்னத்தில் தாடியோடு வேலைக்குப் போய்விட்டதாக என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அது பொய். ஆனாலும் நான் மறுத்ததில்லை.

அப்போது அவளுக்கு நாலு வயதாக இரண்டு மாதம் இருந்தது. ஆட்டிசம் என்று குழந்தை மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவளைத் தும்பி என்போம். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் தோளருகே வைத்துப் படபடவென்று அடிப்பாள். அது எதன் அடையாளம் என்று தெரியாத நாட்களில் நான் வைத்த பெயர். தெரிந்த பிறகு மாற்ற மனம் வரவில்லை.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவோம். பயிற்சி கொடுக்கும் பெண் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். அவர்கள் சொல்லும் சொற்களை அதில் எழுதுவாள். தும்பியின் நோட்டில் முதல் வரியில் "பா" என்று எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் ஒரு பூ வரைந்தாள். "இது பெரிய விஷயம் சார். கேட்டா கிடைக்கும்னு அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. இனிமே மெதுவா வரும்" என்றாள்.

எனக்கு அந்த "மெதுவா"தான் பொறுக்கவில்லை. நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். காலையிலிருந்து சாயங்காலம்வரை என் வேலை ஒரே கேள்விதான். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி இருந்தது தெளிவா இருக்கா, இதுவா?" என்பேன். பத்து நிமிடத்தில், எழுத்தே கண்ணுக்குத் தெரியாமல் வந்தவர் கடைசி வரியைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்குவார். பதினெட்டு வருடம் அப்படிப் பழகியவனுக்கு, எந்த வில்லையைப் போட்டால் தன் பிள்ளைக்குத் தெளியும் என்று தேடாமல் இருக்க முடியாது.

கடைக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடை. அதை நடத்தும் அக்கா ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று ஒருநாள் என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில் தும்பியைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அட, என் தங்கச்சி பையனும் அப்படித்தான் தம்பி இருந்தான். பாலையும் கோதுமையையும் நிறுத்துனாங்க. ஆறே மாசம். இப்ப வாயை மூட மாட்டேங்கிறான்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமில்லை. அவரே தங்கையிடம் கேட்டு ஒரு வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். என்னைப்போல நூற்றுக்கணக்கான பெற்றோர்கள். காலையில் எழுந்தால் ஒரு குழந்தை பாடும் காணொளி, மதியம் ஒரு குழந்தை எண்ணிக் காட்டும் காணொளி. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடாத குழந்தைகளின் காணொளியை யாரும் போட மாட்டார்கள் என்பது, எழுத்துப் பலகையைப் படிக்க முடியாதவர்களையே நாள் முழுக்கப் பார்க்கிற எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தும்பி ஜன்னல் கம்பியில் கன்னத்தை உரசிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மருத்துவர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். நான் குழுவில் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் அதை மருந்துச்சீட்டைப் படிப்பதுபோலவே படித்தாள்.

"இந்தச் சொட்டு மருந்துல என்ன இருக்கு?"

"மூலிகைன்னு சொல்றாங்க."

"எந்த மூலிகை? பாட்டில்ல பேரே இல்லைங்க. பேரில்லாத மருந்தை நான் கடையில குடுத்தா என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. என் பிள்ளைக்குக் குடுப்பேனா?" அந்த வரியை அடித்தாள். "இது என்ன, உடம்புல இருக்கிற உலோகத்தை இறக்குற ஊசியா? சிறுநீரகம் போயிடும். எவன் சொன்னான் உங்களுக்கு?" அதையும் அடித்தாள். அழுத்தப்பட்ட ஆக்சிஜன் அறையை அவள் அடிக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. பாலும் கோதுமையும் இல்லாத சாப்பாடு.

"அவ சாப்பிடுறதே நாலு சாமான்" என்றாள். "பால், ரொட்டி, அந்தச் சதுர பிஸ்கட், அவிச்ச உருளைக்கிழங்கு. மூணை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

"புதுசு பழகிக்குவா. எல்லாக் குழந்தையும் பழகுதே. இது மருந்து கூட இல்லையே, சாப்பாடுதானே? சாப்பாட்டை மாத்துறதுல என்ன கெட்டுடப் போகுது?"

அவள் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மூன்றுக்கு முடியாது என்று சொல்லிவிட்டவளுக்கு நான்காவதற்கும் அப்படிச் சொல்ல என் முகம் இடம் கொடுக்கவில்லை என்று இப்போது புரிகிறது. "மூணு மாசம்" என்றாள். "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது." பயப்பட வேண்டியதையெல்லாம் தள்ளிவிட்டோம் என்ற நிம்மதியோடு இருவரும் எழுந்தோம்.

முதல் நாள் சோயா பால் ஊற்றினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையில் கவிழ்த்தாள். பாதாம் பாலையும் அப்படியே. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் கதவில் வைத்தாள். "பா."

"இல்லடா கண்ணு. பால் இல்ல."

"பா."

கதவைத் திறந்து காட்டினேன். பால் வைக்கும் தட்டு காலியாக இருந்ததைத் தடவிப் பார்த்தாள். கதவை அவளே மூடினாள். ஒருவேளை கதவைச் சரியாகத் திறக்கவில்லை, என் கையைச் சரியான இடத்தில் வைக்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் மேலே வைத்தாள், கொஞ்சம் கீழே வைத்தாள். ஒவ்வொரு இடத்திலும் "பா", "பா" என்றாள். அப்புறம் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாள். நான் என் கையை அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன்.

குழுவில் எழுதினேன். ஆலோசகர் என்று அவர்கள் அழைக்கும் அம்மாள் உடனே பதில் போட்டார். "மூன்று வாரம் பொறுங்கள். நச்சு வெளியேறும்போது குழந்தை அழத்தான் செய்யும். இப்போது விட்டுக்கொடுத்தால் எல்லாம் வீண்."

அப்படியே பொறுத்தேன். என் மனைவி காலையில் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட ஆரம்பித்தாள். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டாள் குழந்தை. சில நாள் அதுவும் இல்லை. நாலாவது வாரம் அழுகை நின்றது. தலையை மோதுவது நின்றது. ஹாலின் மூலையில் உட்கார்ந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அமைதியாகிவிட்டாள்" என்று குழுவில் எழுதினேன். முப்பது நாற்பது பேர் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். வேலையிலிருந்து வந்த மனைவியிடம் அதைக் காட்டினேன்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது அமைதி இல்லைங்க. கேக்குறதையே விட்டுட்டா."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நல்லதைக்கூட நல்லதாகப் பார்க்கத் தெரியாதா என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்ளே போய் உருளைக்கிழங்கு தோலை உரிக்க உட்கார்ந்தாள்.

மூன்று மாதம் முழுதாக ஆகவில்லை. ஒருநாள் தும்பிக்குக் காற்சட்டை போட்டுவிடும்போது அது இடுப்பில் நிற்காமல் நழுவி விழுந்தது. மருத்துவர் அவளை எடைக்கருவியில் நிறுத்தினார். இரண்டரை கிலோ குறைந்திருந்தது. உதட்டையும் நகத்தையும் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் குரலை உயர்த்தவே இல்லை.

"பால் குடிச்சா வயித்துப்போக்கு இருந்துச்சா? உடம்புல தடிப்பு ஏதும்?"

"இல்லைங்க."

"கோதுமைக்கு?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். சாதாரணமாகப் பெண்டாட்டி புருஷனைக் காட்டிக்கொடுக்கும் இடம் அது. "நல்லா ஆயிடும்னு நினைச்சோம் டாக்டர்" என்றாள் அவள். நினைச்சோம் என்றுதான் சொன்னாள்.

அன்றே பால் வாங்கினேன். சதுர பிஸ்கட், வெள்ளை ரொட்டி எல்லாம் வாங்கினேன். டம்ளரில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். அவள் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டை அவள் பக்கம் நீட்டினேன். ஏதோ மேசைக்காலைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டிப் போனாள். ஒன்பதாம் நாள் குடித்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள். எடை மெல்ல மெல்ல ஏறியது. ஆனால் அந்தச் சொல் வரவில்லை. பசித்தால் அழுவாள். எதற்கு அழுகிறாள் என்று நாங்களே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கிடையே தையல்கடை அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். "உங்க தங்கச்சி பையனுக்கு வேற ஏதாவது பண்ணாங்களாக்கா?" அவர் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "பேச்சு வகுப்புக்குப் போனானே. மூணு வருஷம். தினமும். தங்கச்சி வேலையவே விட்டுட்டாளே." பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தையல் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். "ஏன் தம்பி, என்னாச்சு?" ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறைக்கவில்லை. நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

குழந்தை துவண்டுபோனதில் பயிற்சி வகுப்பையும் இரண்டு மாதம் விட்டிருந்தோம். மறுபடி போனபோது பயிற்சிப் பெண் தும்பியோடு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பால் டம்ளரைக் காட்டிக் காத்திருந்தாள். பிறகு நோட்டை எடுத்து அந்த முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"கடைசியா எப்போ சார் சொன்னா?"

நான் யோசித்தேன். என் மனைவியும் யோசித்தாள். முதலில் சொன்ன நாள் எங்களுக்குத் தெரியும். அன்று என்ன கிழமை, அவள் என்ன சட்டை போட்டிருந்தாள், என் எந்தக் கன்னத்தில் நுரை இருந்தது என்பதுவரை தெரியும். கடைசியாகச் சொன்ன நாள் ஏதோ ஒரு நாள். அந்த நாலு வாரத்துக்குள் ஒரு காலையில் அவள் என் கையைக் கதவில் வைத்து "பா" என்று கேட்டிருக்கிறாள். இல்லடா கண்ணு என்று நான் சொல்லியிருக்கிறேன். அதோடு முடிந்துபோயிருக்கிறது. அன்று நான் அவசரமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கலாம். காணொளி பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் எதுவும் எழுதவில்லை. "திரும்ப வருமா?" என்று என் மனைவி கேட்டாள். "வரலாம். சில பிள்ளைங்களுக்கு வந்திருக்கு. நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது" என்றாள். "கொஞ்ச நாளைக்கு அவகிட்ட எதையும் கேக்காதீங்க. சொல்லு, காட்டு, வாங்கிக்கோன்னு ஒண்ணும் வேணாம். அவ என்ன பண்றாளோ அதைப் பக்கத்துல இருந்து பண்ணுங்க. அவ்வளவுதான்."

வெளியே வந்து பேருந்து ஏறினோம். சாயங்கால நெரிசல். தும்பிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, நான் அவள் பக்கத்தில். என் மனைவி முன்னிருக்கையில், ஒரு கிழவரின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நானும்தான் சரின்னு சொன்னேன்" என்றாள் திரும்பாமலே. அவள் கழுத்துக்குப் பின்னால் முடி கலைந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். பழைய வண்டி. ஜன்னல் கண்ணாடி முழுக்க உறுமியது. தும்பி கன்னத்தை அந்தக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். அவள் உதடு, காது மடல், நெற்றி மயிர் எல்லாம் சேர்ந்து நடுங்கின. கண்கள் பாதி மூடிக்கொண்டன. வழக்கமாக நான் அழுக்கு என்று சொல்லி அவள் தலையை இழுத்துவிடுவேன். இந்த முறை குனிந்து, அவள் தலைக்கு மேல், அதே கண்ணாடியில் என் கன்னத்தை வைத்தேன். பற்கள் கடகடத்தன. கண்ணுக்குள் தெருவிளக்குகள் இரண்டு இரண்டாக ஆடின. நின்றுகொண்டிருந்த யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தும்பி என்னைப் பார்க்கவில்லை. நகர்ந்துகொள்ளவும் இல்லை. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கண்ணாடி அடங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன்.