சிவப்பு மலையில் ஒரு குழி

கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்தவன் நான். எங்கள் மாடியறையில் குடியிருந்த ஓவியன் வரைந்ததைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. பின்பக்க ஜன்னலில் தெரிகிற மலைதான். ஆனால் மலை சிவப்பு, பாதை நீலம். கத்தியாலும் விரலாலும் அப்பியதில் வானம் கட்டி கட்டியாக நின்றது.

"மலை எங்கய்யா சிவப்பா இருக்கு?"

"இன்னைக்கு எனக்கு அப்படித்தான் இருக்கு."

கிறுக்குப் பயல். வீட்டைக் காலி செய்தபோது படத்தை என் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். பெயிண்ட் எதுவானாலும் காய்ந்துவிட்டதா என்று விரலால் குத்திப் பார்ப்பாள். நான் திட்டிக்கொண்டே மறுபடி அடித்து மூடுவேன். படத்தையும் அவள் விடவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தது. அதை மூடுவது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஓவியனுக்குப் பேர் வந்துவிட்டது. போன வாரம் என் மகள், அருங்காட்சியகத்து அதிகாரியைக் கையோடு கூட்டி வந்தாள். படத்தை அங்கே பத்திரமாக வைப்பார்களாம். சரி, தொலையட்டும் என்று கழற்றிக் கொடுத்தேன்.

அவர் அடிவாரத்தை உற்றுப் பார்த்தார். "இது ஓவியர் விரல் இல்ல. அவர் இழுத்துத்தான் பூசுவார், குத்த மாட்டார். சேதம்தான். நிரப்பிடலாம்."

"படத்தைக் கீழ வைங்க."

"என்னப்பா இது! நீங்கதானே கிறுக்கல்னு சொல்லிட்டு இருந்தீங்க?" என்றாள் மகள்.

"இப்பவும் கிறுக்கல்தான். அந்தக் குழி உங்கம்மா."

அதிகாரி படத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு, "அப்படின்னா நிரப்பலைங்கய்யா, எழுதியே தர்றேன்" என்றார்.

"நீங்க நல்லவர்தான். உங்களுக்கு அப்புறம் ஒரு வேலைக்காரன் வருவான். பள்ளத்தைக் கண்டா அவன் கை சும்மா இருக்காது. எனக்கே இருந்ததில்ல."

மகள் கோபித்துக்கொண்டு அவரோடு போய்விட்டாள். படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். ஜன்னலில் மலை எப்போதும்போல் சாம்பலாகத்தான் நின்றது.

சாயங்காலம் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எங்காவது ஒரு குழியையாவது மூடாமல் தவறவிட்டிருக்க மாட்டேனா?

எல்லாம் வழுவழுவென்றுதான் இருந்தன. வேலையில் நான் சுத்தம்.