மூன்றாவது நகல்

தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது சுத்தியல் இரண்டாம் முறை இறங்கியது. அக்காவின் லேப்டாப்பிலிருந்து எழுத்து விசைகள் தெறித்து அவன் காலடியில் விழுந்தன.

"பாத்தாலே அவ நெனப்பா வருது. வேணாம்" என்றார் அத்தான்.

கூடத்தில் அக்காவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று காலையிலிருந்து அத்தான் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். வழுக்கி விழுந்தவளுக்கு இரண்டு கன்னமும் எப்படி வீங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். வராதவர்களுக்காக ஒவ்வொரு பாடமும் பதிவாகும். நேற்று மாலைப் பாடத்தைப் பாதியில் நிறுத்திப் பிள்ளைகளை அனுப்பிவிட்டாளாம். லேப்டாப்பில் ஓடிய பதிவை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். சுத்தியலைப் பார்த்ததும்தான் தம்பிக்கு அது உறைத்தது.

அத்தான் குனிந்து மேசைக்கடியிலிருந்த கறுப்புப் பெட்டியை உருவினார். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் உடனுக்குடன் நகலெடுத்து வைக்கும் பெட்டி. மனைவி யாரோடு என்ன பேசுகிறாள் என்று மோப்பம் பிடிக்கத்தான் அவளுடையதையும் அதில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துக்கொடுத்தவன் தம்பி.

தம்பி பாய்ந்தான். சுத்தியலின் பிடி அவன் வாயில் இறங்கியது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. அவன் அத்தானின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"கொன்னுட்டு நாடகமா ஆடுற?"

ஓடி வந்தவர்கள் அவனைத்தான் பிடித்து இழுத்தார்கள். "சாவு வீட்ல என்னப்பா இது?"

அத்தான் நெற்றி ரத்தத்தைத் துடைத்துவிட்டு, உள்ளேயிருந்த பதிவுத் தட்டு நெளியும்வரை பெட்டியை அடித்தார்.

"யாரு கொன்னா? இப்ப சொல்லு."

தம்பி ரத்தத்தைத் துப்பிவிட்டு வெளியேறினான். வீடே தீப்பிடித்தால் லேப்டாப்பும் பெட்டியும் சேர்ந்து எரியுமே என்று, இன்னொரு நகல் நெட் வழியாக அம்மா வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும்படி, பெட்டியை மாட்டிய அன்றே செய்து வைத்திருந்தான். அத்தானிடம் சொல்லவில்லை. நேற்றையது முழுதாக வந்து சேர்ந்ததா என்பதுதான் தெரியவில்லை.

அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வந்திருந்தது. போலீஸிடம் கொடுக்கும் முன் கேட்டாக வேண்டும். பதிவை ஓடவிட்டான்.

"சரி பசங்களா, நேத்து எங்க விட்டோம்?"

படுத்த படுக்கையாயிருந்த அம்மாவிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"பெரியவ வந்திருக்காளா? குரல் கேக்குதே. இங்க வரச் சொல்லுடா."

"பாடம் எடுக்குறாம்மா" என்றான்.

"அப்ப முடிச்சுட்டு வரட்டும்."

அவன் ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். முடியும்வரை கழற்றவில்லை.